எத்தனையில் எத்தனை? – பெருந்தொற்றுக் காலக் கட்சிச் செய்திகளும் நம் வகுப்பறையும்

ஒரு நோய் எவ்வளவு ஆபத்தானது என்று கேட்டால், விடை அந்த நோயைப் பொறுத்துத்தான் அமைய வேண்டும். கிருமிக்குக் கட்சி கிடையாது. ஆனால் 2020-ஆம் ஆண்டில் அமெரிக்க மக்களிடம் இக்கேள்வியைக் கேட்டபோது, அவர்கள் எந்தக் கட்சியை ஆதரித்தார்களோ அதைப் பொறுத்து விடை மாறியது. நாடு ஒன்று, கிருமி ஒன்று, நாள்தோறும் வெளியான தொற்று எண்ணிக்கையும் ஒன்று. அச்சம் மட்டும் இரண்டாக இருந்தது.

இதற்கும் நமது வகுப்பறைக்கும் என்ன தொடர்பு என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கலாம். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கும் நான், நுண்ணுயிரிகள் பாடத்தை நடத்தும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்து வருகிறேன். வைரஸின் அமைப்பு, நோய் பரவும் முறை, தடுப்பூசி செயல்படும் விதம் ஆகியவற்றைப் பிள்ளைகள் நன்றாகவே எழுதிவிடுகிறார்கள். ஆனால், "கொரோனா எவ்வளவு ஆபத்தான நோய்?" என்று கேட்டால் பாடநூல் காணாமல் போய்விடுகிறது. "அதெல்லாம் சும்மா பயமுறுத்தினாங்க டீச்சர்" என்கிறான் ஒருவன். "வந்தா செத்துருவாங்க டீச்சர்" என்கிறாள் இன்னொருத்தி. இருவரும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள். அன்று தொடக்க வகுப்புப் பிள்ளைகளாக இருந்த இவர்களின் விடை, வீட்டுக் கைபேசியில் எந்தச் செய்திகள் வந்தனவோ அங்கிருந்து வருகிறது.

பொய்ச் செய்தியைக் கண்டறிவது எப்படி என்று நாம் ஏற்கெனவே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அது தேவைதான். ஆனால் அமெரிக்க அனுபவம் அதற்கும் மேலே ஒன்றைக் காட்டுகிறது. ஒரு பொய்கூடச் சொல்லாமல், எதைச் சொல்வது, எதை விடுவது, எதைத் திரும்பத் திரும்பச் சொல்வது என்ற தேர்வின் மூலமே மக்களின் அச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஆகவே "உண்மையா, பொய்யா?" என்ற கேள்வியோடு, "எத்தனையில் எத்தனை?", "எது விடுபட்டிருக்கிறது?" என்ற இரு கேள்விகளையும் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டியிருக்கிறது. அதற்கான பின்னணியையும், நான் வகுப்பில் செய்துவரும் செயல்பாடுகளையும் இங்கே பகிர்கிறேன்.

இடர் உணர்வு என்பது என்ன?

ஓர் ஆபத்து உண்மையில் எவ்வளவு பெரியது என்பது வேறு. அது எவ்வளவு பெரியது என்று நாம் உணர்வது வேறு. இந்த இரண்டாவதையே இடர் உணர்வு என்கிறோம். அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987-இல் 'சயின்ஸ்' இதழில் இதுபற்றி எழுதிய கட்டுரை பெரிதும் பேசப்பட்டது. மக்கள் ஆபத்தை எடைபோடும்போது இறப்பு எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. அது எவ்வளவு திகிலூட்டுகிறது, எவ்வளவு அறிமுகமற்றது என்ற இரண்டும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்று அவர் விளக்கினார். தலைக்கவசம் இல்லாமல் நாள்தோறும் வண்டியில் சந்தைக்குப் போய் வருபவர் அதை ஆபத்தாக நினைப்பதில்லை, பழகிவிட்டது. அதே மனிதர் விமானத்தில் ஏறச் சொன்னால் வியர்த்துப் போவார்.

புதிய தொற்றுநோய் கண்ணுக்குத் தெரியாதது, யாருக்கும் அறிமுகமற்றது. அதை நாமே அளந்து பார்க்க வழியில்லை. அத்தகைய நேரத்தில் நாம் நம்புகிறவர்களின் முகத்தைப் பார்க்கிறோம். நடை பழகும் குழந்தை கீழே விழுந்ததும் முதலில் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மா பதறினால் அழும். சிரித்தால் எழுந்து நடக்கும். பெரியவர்களும் இப்படித்தான். அவர்கள் பார்க்கும் முகம் சில வேளைகளில் கட்சித் தலைவரின் முகமாகிவிடுகிறது. சமூக ஊடகம் அந்த முகத்தை ஒவ்வொருவர் கைக்கும் கொண்டு வந்து சேர்க்கிறது.

நாம் தொற்றுநோயோடு மட்டும் போராடவில்லை, தகவல் தொற்றோடும் போராடுகிறோம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர் 2020 பிப்ரவரியிலேயே எச்சரித்தார். கோவிட்-19 பெருந்தொற்று என்று அந்நிறுவனம் குறிப்பிட்ட மார்ச் 11-க்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே வந்த எச்சரிக்கை அது.

30,887 பதிவுகள்

அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என இரு பெரிய கட்சிகள் உள்ளன. 2020-இல் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த டொனால்ட் டிரம்ப் அதிபராக இருந்தார். அந்த ஆண்டு நவம்பரில் தேர்தலும் வரவிருந்தது.

அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள், 2020 ஜனவரி 17 முதல் மார்ச் 31 வரை இந்நோய் குறித்து ட்விட்டரில் எழுதிய 30,887 பதிவுகளை ஆய்வாளர் குழு ஒன்று தொகுத்து ஆராய்ந்தது. முடிவுகள் அதே ஆண்டு 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளிவந்தன. ஜனநாயகக் கட்சியினர் நோயைப் பற்றி அதிகமாக எழுதினார்கள். மக்கள் நலனுக்கும் தொழிலாளர்களுக்கும் வரும் ஆபத்தை முன்னிறுத்தினார்கள். குடியரசுக் கட்சியினரோ சீனாவையும் வணிக நிறுவனங்களையும் முன்னிறுத்தினார்கள். பதிவில் உள்ள சொற்களைக் கொண்டு, எழுதியவர் எந்தக் கட்சிக்காரர் என்று கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்கியபோது, நூற்றுக்கு 76 பதிவுகளில் அது சரியாகச் சொன்னது.

இந்த ஆய்வு பொய்களைத் தேடவில்லை. சொற்களின் தேர்வைத் தேடியது. நோய் உயிரைப் பறித்தது உண்மை. வணிகம் முடங்கியதும் உண்மை. நோய் முதலில் சீனாவில் கண்டறியப்பட்டதும் உண்மை. ஆனால் முதல் உண்மையை மட்டும் நாள்தோறும் படிப்பவருக்கு வரும் அச்சமும், மற்ற இரண்டை மட்டும் படிப்பவருக்கு வரும் அச்சமும் ஒன்றாக இருக்க முடியாது.

அடுத்த மாதத்தில் பிளவு இன்னும் வெளிப்படையானது. ஏப்ரல் 3 அன்று அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், பொதுமக்கள் துணி முகக்கவசம் அணியுமாறு பரிந்துரைத்தது. அந்த அறிவிப்பைச் செய்த கூட்டத்திலேயே, தாம் அணியப்போவதில்லை என்றார் அதிபர். ஏப்ரல் 17 அன்று மின்னசோட்டா, மிச்சிகன், வர்ஜீனியா ஆகிய மாநிலங்களை விடுவிக்குமாறு ட்விட்டரில் அடுத்தடுத்து எழுதினார். மூன்றிலும் ஆளுநர்கள் எதிர்க்கட்சியினர். மூன்றிலும் பொதுமுடக்கம் நடப்பில் இருந்தது. நாளடைவில் முகக்கவசம் நோய்த்தடுப்புப் பொருள் என்ற நிலையிலிருந்து கட்சி அடையாளம் என்ற நிலைக்கு மாறியது.

அச்சம் இரண்டானது

பியூ ஆய்வு மையம் அந்நாட்டு மக்களிடம் அவ்வப்போது கருத்துக் கேட்டது. 2020 மார்ச் நடுவில், கொரோனா மக்கள் உடல்நலத்துக்குப் பெரிய அச்சுறுத்தல் என்று சொன்னவர்கள் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களில் 59 விழுக்காடு. குடியரசுக் கட்சி ஆதரவாளர்களில் 33 விழுக்காடு. ஜூலையில் அது முறையே 85, 46 என்றானது. இரு தரப்பிலும் அச்சம் கூடியது. ஆனால் இடைவெளி 26-இலிருந்து 39 ஆக விரிந்தது. நோயைப் பற்றி அறிந்துகொள்ள நான்கு மாதங்கள் கிடைத்த பிறகும் மக்கள் நெருங்கி வரவில்லை.

சேர்ந்து வருவதெல்லாம் காரணம் ஆகிவிடாது என்று நாமே வகுப்பில் சொல்லித் தருகிறோம். ஒரு கட்சியினர் நகரங்களில் அதிகம் வாழ்பவர்களாகவும், மற்றொரு கட்சியினர் நோய் தாமதமாக எட்டிய ஊர்களில் வாழ்பவர்களாகவும் இருந்தால் அச்சம் வேறுபடத்தானே செய்யும்? நியாயமான கேள்வி. இதற்கு விடை தேட உதவும் ஆய்வு ஒன்று உண்டு. ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியில் டக்கர் கார்ல்சன், ஷான் ஹேனிட்டி என்ற இருவர் தொடர்ந்து நிகழ்ச்சி நடத்தினர். இருவருமே குடியரசுக் கட்சிப் பார்வையாளர்களிடம் செல்வாக்குப் பெற்றவர்கள். கார்ல்சன் பிப்ரவரி தொடக்கத்திலிருந்தே நோயின் ஆபத்தை எச்சரித்தார். ஹேனிட்டி மார்ச் வரை அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஹேனிட்டியின் நிகழ்ச்சியை அதிகம் பார்த்த பகுதிகளில் தொடக்கக் காலத் தொற்றும் இறப்பும் கூடுதலாக இருந்ததைப் பொருளியலாளர்கள் கண்டறிந்தனர். ஒரே அலைவரிசை, ஒரே சாய்வுள்ள பார்வையாளர்கள், வேறுபட்டது செய்தி. ஆக, செய்திக்கே தனி வலிமை உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

அதற்குக் கொடுத்த விலை

அச்சம் மனத்துக்குள் மட்டும் இருப்பதில்லை, கால்களுக்கும் வருகிறது. 2020 மார்ச் முதல் மே வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.5 கோடி கைபேசிகளின் நடமாட்டத் தரவுகளை ஓர் ஆய்வு எடுத்துக்கொண்டது. 2016 தேர்தலில் டிரம்புக்கு வாக்களித்த வட்டாரங்களில், ஹிலாரி கிளின்டனுக்கு வாக்களித்த வட்டாரங்களைவிட இடைவெளி கடைப்பிடித்தல் 14 விழுக்காடு குறைவாக இருந்தது.

பள்ளிகளும் தப்பவில்லை. அவ்வாண்டு ஜூலை 6 அன்று, பள்ளிகள் திறந்தே ஆக வேண்டும் என்று டிரம்ப் ட்விட்டரில் எழுதினார். அம்மாத இறுதியில் புரூக்கிங்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், பள்ளித் திறப்புத் திட்டங்களை இரண்டு தகவல்களோடு ஒப்பிட்டார்: அப்பகுதியின் தொற்று எண்ணிக்கை, அப்பகுதி மக்கள் 2016-இல் வாக்களித்த விதம். திட்டங்கள் வாக்குகளோடு ஒத்துப்போயின, தொற்றோடு ஒத்துப்போகவில்லை. நோய் குறைந்த ஊரில் பள்ளி திறப்பதும் நோய் மிகுந்த ஊரில் மூடிவைப்பதும்தானே முறை? அங்கே பல ஊர்களில் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதா வேண்டாமா என்பதைக் கிருமியின் கணக்கைவிடக் கட்சிக் கணக்கே முடிவு செய்தது. ஆசிரியர்களாகிய நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி இது.

இறுதி விலை உயிர். ஃபுளோரிடா, ஒஹாயோ மாநிலங்களில் வாக்காளர்களாகப் பதிவு செய்திருந்து 2020 மார்ச் முதல் 2021 டிசம்பர் வரை இறந்த 5,38,159 பேரின் விவரங்களை ஆராய்ந்த கட்டுரை 2023-இல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் வெளிவந்தது. வயது வந்தோர் அனைவருக்கும் தடுப்பூசி கிடைக்கத் தொடங்கிய பிறகு, குடியரசுக் கட்சி வாக்காளர்களின் மிகை இறப்பு விகிதம் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களைவிட 43 விழுக்காடு அதிகமாக இருந்தது. தடுப்பூசி வருவதற்கு முன் இவ்வளவு பெரிய வேறுபாடு இல்லை. மருந்து கைக்கெட்டிய தூரத்தில் வந்த பிறகுதான் இடைவெளி விரிந்தது என்பது மனத்தைக் கனக்கச் செய்கிறது.

மிகையான அச்சமும் பிழையே

இதைப் படித்துவிட்டு ஒரு கட்சியினர் அறியாதவர்கள், மறுகட்சியினர் அறிந்தவர்கள் என்று முடிவுகட்டினால் பாடம் பிழையாகிவிடும். 2020 டிசம்பரில் கேலப் நிறுவனம், "கொரோனா தொற்றியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்படும்?" என்று கேட்டது. அன்றைய தரவுகளின்படி சரியான விடை 1 முதல் 5 வரை. ஆனால் ஜனநாயகக் கட்சியினரில் 41 விழுக்காட்டினர் 50 அல்லது அதற்கு மேல் என்று விடையளித்தனர். குடியரசுக் கட்சியினரில் அவ்வாறு சொன்னவர்கள் 28 விழுக்காடு. நோயை அதிகமாக அஞ்சிய தரப்பு, இந்தக் கேள்வியில் உண்மையிலிருந்து அதிகம் விலகியிருந்தது. அளவுக்கு மீறிய அச்சத்துக்கும் விலை உண்டு. தேவைக்கு மேல் மூடிக்கிடந்த வகுப்பறைகள் அவற்றுள் ஒன்று.

கணக்குத் தெரிந்தால் போதுமா?

"பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் நன்றாகச் சொல்லித் தந்துவிட்டால் இதெல்லாம் தானே சரியாகிவிடும்" என்று தோன்றும். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் கஹான் தம் குழுவினருடன் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அவர்கள் ஓர் அட்டவணையைக் கொடுத்தார்கள். தோல் தடிப்புக்குப் புதிய களிம்பு பூசியவர்களில் 223 பேருக்குக் குணம், 75 பேருக்கு மோசம். பூசாதவர்களில் 107 பேருக்குக் குணம், 21 பேருக்கு மோசம். களிம்பு பயன் தருகிறதா?

223 என்ற பெரிய எண்ணைப் பார்த்ததும் "ஆம்" என்று சொல்லத் தோன்றும். கணக்கிட்டால், பூசிய 298 பேரில் குணமானவர்கள் ஏறத்தாழ 75 விழுக்காடு; பூசாத 128 பேரில் 84 விழுக்காடு. அதாவது பூசாதவர்களே அதிகம் தேறினார்கள். கணக்கில் தேர்ந்தவர்கள் இதைச் சரியாகச் சொன்னார்கள். பிறகு இதே எண்களைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பற்றிய தரவாகப் பெயர் மாற்றிக் கொடுத்தபோது நிலைமை தலைகீழானது. விடை தங்கள் கட்சி நிலைப்பாட்டுக்கு எதிராக அமைந்தால், கணக்கில் தேர்ந்தவர்களும் தவறினார்கள். கணக்கு அதிகம் தெரிந்தவர்களிடையேதான் கட்சிப் பிளவு மிகுதியாக இருந்தது. அறிவு இருந்தும் அது கட்சிக்கு வக்கீலாக வேலை பார்க்கப் போய்விட்டது.

ஆகவே கணக்கைக் கற்பிப்பதோடு, நமக்குப் பிடித்த விடை வரும்போதும் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பழக்கத்தையும் கற்பிக்க வேண்டும்.

வகுப்பறையில் நான்கு பாடவேளைகள்

உயர்நிலை வகுப்புகளுக்கு ஏற்ற இச்செயல்பாடுகளுக்கு அட்டை, சுண்ணக்கட்டி தவிர வேறு செலவில்லை.

முதல் பாடவேளை: கற்பனையூர்க் காய்ச்சல். வகுப்பை இரு குழுக்களாகப் பிரித்து, 'கற்பனையூர்' என்ற ஊரைப் பற்றிய செய்தி அட்டைகளைத் தருகிறேன். கட்சிக் கொடிகளின் நிறங்கள் எதுவும் இல்லாத வெள்ளை அட்டைகளே நல்லது. 'அ' குழுவின் அட்டைகள்: "ஒரே வாரத்தில் காய்ச்சல் இரு மடங்கு!", "மருத்துவமனையில் சேர்ந்த ஐவரில் ஒருவர் மரணம்!" 'ஆ' குழுவின் அட்டைகள்: "நூற்றுக்கு 99 பேருக்குக் காய்ச்சலே இல்லை!", "300 தொழிலாளர்களின் கூலி போனது!", "காய்ச்சலைக் கொண்டுவந்தவர் பக்கத்து ஊர்க்காரர்!" ஒவ்வொருவரும் ஆபத்துக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் எழுத வேண்டும். என் வகுப்பில் 'அ' குழுவின் எண்கள் மேலேயும் 'ஆ' குழுவின் எண்கள் கீழேயும் நின்றன. "அவங்களுக்குப் பொய்யான அட்டை குடுத்துட்டீங்க டீச்சர்" என்று இரு குழுவினரும் சொன்னார்கள்.

பிறகு முழு விவரத்தையும் கரும்பலகையில் எழுதுகிறேன். மக்கள்தொகை 20,000. காய்ச்சல் கண்டவர்கள் சென்ற வாரம் வரை 100, இந்த வாரம் வரை 200. வீட்டிலேயே தேறி வருபவர்கள் 190. மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 10. அவர்களில் இறந்தவர்கள் 2. கடையடைப்பால் கூலி இழந்தவர்கள் 300. முதல் நோயாளி பக்கத்து ஊரிலிருந்து வந்தவர். அட்டைகளைச் சரிபார்க்கச் சொன்னால், எல்லாமே உண்மை என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள்.

அடுத்து அந்த இருவர் மரணத்தை மூன்று வகையாக எழுதச் சொல்கிறேன். மருத்துவமனையில் சேர்ந்தோரில் 10-க்கு 2, அதாவது ஐவரில் ஒருவர். காய்ச்சல் கண்டோரில் 200-க்கு 2, அதாவது நூற்றில் ஒருவர். ஊர் மக்களில் 20,000-க்கு 2, அதாவது பத்தாயிரத்தில் ஒருவர். பகுதி எண்ணைத் தொடாமல் தொகுதி எண்ணை மட்டும் மாற்றினால் அச்சம் மாறுகிறது. "எத்தனை பேர்?" என்று கேட்டு நிறுத்தக் கூடாது, "எத்தனையில் எத்தனை?" என்று கேட்க வேண்டும் என்பது இங்கே மனத்தில் பதிகிறது.

இரண்டாம் பாடவேளை: வரைபடம் பேசுகிறது. பியூ மையத்தின் 59, 33, 85, 46 ஆகிய எண்களைக் கொண்டு பட்டை விளக்கப்படம் வரையச் செய்கிறேன். நான்கு மாதங்களில் இடைவெளி ஏன் விரிந்தது என்று குழுவாகப் பேசி, சாத்தியமான காரணங்கள் மூன்றையாவது எழுத வேண்டும். ஒவ்வொரு காரணத்தையும் சரிபார்க்க என்ன தரவு தேவை என்பதையும் எழுத வேண்டும். விடையைவிட இரண்டாவது பகுதிக்கே அதிக மதிப்பெண் தருகிறேன்.

மூன்றாம் பாடவேளை: களிம்புக் கணக்கு. கஹானின் அட்டவணையைக் கணித ஆசிரியரோடு சேர்ந்து நடத்துவது சிறப்பு. முதலில் களிம்பாகவே கொடுங்கள். பிறகு அதே எண்களை மாணவர்கள் தாமே உணர்ச்சிவசப்படும் ஒன்றுக்கு மாற்றுங்கள். நான் இரண்டு பிரபல நடிகர்களின் படங்களைப் பற்றிய கருத்துக் கணிப்பாக மாற்றினேன். வகுப்பில் எழுந்த கூச்சலில் கணக்கு அடிபட்டுப் போனது. அந்தக் கூச்சல் அடங்கியதும், "களிம்புன்னா உடனே கணக்குப் போட்டோம், இப்ப மட்டும் ஏன் போடல?" என்று ஒரு மாணவனே கேட்டான். நான் சொல்லவிருந்ததை அவன் சொல்லிவிட்டான்.

நான்காம் பாடவேளை: அனுப்பும் முன் ஒரு நொடி. பகிர்வதற்கு முன், ஒரே ஒரு செய்தித் தலைப்பு சரியானதா என்று மதிப்பிடச் சொன்னாலே, அதன்பின் மக்கள் பகிரத் தேர்ந்தெடுக்கும் செய்திகளின் தரம் உயர்கிறது என்பதைக் கார்டன் பென்னிகுக், டேவிட் ராண்ட் குழுவினர் 2020-இல் கோவிட் செய்திகளை வைத்தே சோதித்துக் காட்டினார்கள். பலர் பொய்யை நம்பிப் பகிர்வதில்லை. உண்மையா என்று யோசிக்காமலே பகிர்கிறார்கள். வாட்ஸ்அப்பில் பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்திகளில் இரட்டை அம்புக்குறி தோன்றும். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று அந்நிறுவனம் கட்டுப்படுத்தியது. அந்தக் குறியைக் கண்டால் மூன்று கேள்விகள் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குகிறேன்: இது உண்மையா? எத்தனையில் எத்தனை? எது விடுபட்டிருக்கிறது?

தொடக்க வகுப்புகளில்

சிறு பிள்ளைகளுக்குக் கட்சியும் வேண்டாம், நோய்ப் புள்ளிவிவரமும் வேண்டாம். நூறு புளியங்கொட்டைகளை எடுத்து, மூன்றில் மட்டும் சுண்ணாம்புப் புள்ளி வையுங்கள். புள்ளி வைத்த மூன்றை மட்டும் கையில் காட்டி, "இவ்வளவு இருக்கு, நிறையவா, கொஞ்சமா?" என்று கேளுங்கள். பிறகு அவற்றை நூறோடு கலந்து பரப்பிவிட்டுக் கேளுங்கள். பின்னக் கணக்குக்கு இது நல்ல தொடக்கம். "வகுப்புல எல்லாரும் என்னை அடிச்சாங்க" என்று ஒரு குழந்தை அழுதுகொண்டு வரும்போது, "எல்லாருமா? எத்தனை பேர்?" என்று அன்போடு கேட்பதும் இதே பாடத்தின் முதல் படிதான்.

ஒரு மாணவியின் கேள்வி

"அறிவியலாளர்களும் மாத்தி மாத்தித்தானே பேசினாங்க டீச்சர்? அப்ப அவங்களும் கட்சிக்காரங்க மாதிரிதானே?" என்று ஒரு மாணவி கேட்டாள். தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி. உண்மையில், 2020 பிப்ரவரி இறுதியில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி, பொதுமக்கள் முகக்கவசம் வாங்குவதை நிறுத்துங்கள் என்று ட்விட்டரில் எழுதினார். ஐந்து வாரங்களில் அரசின் பரிந்துரை நேர்மாறாக வந்தது. அறிகுறி இல்லாதவர்களிடமிருந்தும் நோய் பரவுகிறது என்ற சான்று இடையில் வலுப்பட்டிருந்தது.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் சோதனை எளியது. ஒருவர் கருத்தை மாற்றினால், "எந்தப் புதிய சான்று வந்ததால் மாற்றினார்?" என்று கேளுங்கள். சான்றைக் காட்டி மாற்றினால் அது அறிவியலின் முறை. அதே நேரத்தில், முதலில் உறுதியாகச் சொன்னது மக்களின் நம்பிக்கையைக் குறைத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. "இதுவரை தெரிந்தது இவ்வளவு" என்று சொல்லிப் பழகியவர்கள் மேல் நம்பிக்கை நிலைக்கும். ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும்.

நாம் கவனிக்க வேண்டியவை

அமெரிக்க எடுத்துக்காட்டை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். அங்குள்ள இரு கட்சிகள்மீது நம் பிள்ளைகளுக்கு அன்பும் இல்லை, பகையும் இல்லை. ஆகவே அவர்களால் பதற்றமின்றிப் பார்க்க முடிகிறது. தூரத்து மரத்தில் பழகிய கண் பிறகு வீட்டு முற்றத்து மரத்தையும் பார்க்கும். அந்தப் பார்வையை அவர்கள் தாமே திருப்பிக்கொள்ளட்டும். நாம் கழுத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டாம்.

எந்த மாணவரிடமும் "உங்க வீட்டுல எந்தக் கட்சி?" என்று கேட்கக் கூடாது. அவர்கள் வீட்டுக் கைபேசியில் வந்த செய்தியை வகுப்பில் காட்டச் சொல்லக் கூடாது. பெற்றோர் அனுப்பிய செய்தி தவறானது என்று தெரிந்தாலும், "உங்கப்பா பொய்யை அனுப்பியிருக்கார்" என்ற தொனி வரவே கூடாது. "அப்பாகிட்ட எத்தனையில் எத்தனைன்னு கேட்டுப் பாரு" என்பது போதும். அரசு ஊழியர்களான நாம் நடுநிலை தவறக் கூடாது என்பது நடத்தை விதி. இந்தப் பாடத்தில் அதுவே கற்பித்தல் முறையும்கூட. ஆசிரியர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாக மாணவர் நினைத்துவிட்டால், நாம் சொல்லும் எண்ணும் கட்சி எண்ணாகிவிடும்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் காய்ச்சல் பரவியது. ஊரே படுத்துக்கிடக்கிறது என்று ஒரு செய்தியும், ஒன்றுமே இல்லை, வீண் புரளி என்று இன்னொரு செய்தியும் சுற்றி வந்தன. என் வகுப்பு மாணவி ஒருத்தி காலையில் வந்து, "டீச்சர், எங்க தெருவுல எண்ணிப் பார்த்தேன். 42 வீட்டுல 3 வீட்டுலதான் காய்ச்சல். ஆனா அந்த மூணு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற தொட்டி மூடாமக் கிடக்கு" என்றாள். தலைமையாசிரியரிடம் சொல்லி, சுகாதார ஆய்வாளருக்குத் தகவல் கொடுத்தோம். தொட்டியை வந்து பார்த்து மருந்து தெளித்து மூடிவிட்டுப் போனார்கள். அன்றைய வருகைப் பதிவேட்டில் அந்தத் தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் வருகை இருந்தது.